அலுவலக லேப்டாப்பில் சொந்த மெயில்

கேள்வி: அலுவலக லேப்டாப்பில் இன்காக்னிட்டோ முறையில் சொந்த மெயில் பார்த்தால் நிர்வாகத்துக்குத் தெரியுமா?

பதில்: தெரியும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இன்காக்னிட்டோ, பார்த்த பக்கங்களின் பட்டியலை அந்த பிரவுசரில் சேமிக்காது, அவ்வளவுதான். எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது அலுவலக நெட்வொர்க்கில் பதிவாகலாம். மெயிலின் உள்ளடக்கம் வழியில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டே (என்கிரிப்ட் ஆகி) போவதால், பொதுவாகத் தெரியாது. ஆனால் நிறுவனம் தன் ரூட் சான்றிதழை (தான் வழங்கும் சான்றிதழ்களை பிரவுசர் நம்பவைக்கும் அடிப்படைச் சான்றிதழ்) லேப்டாப்பில் போட்டிருந்தால், நடுவில் இருக்கும் ப்ராக்ஸி (இணையப் போக்குவரத்தை இடையில் வாங்கி அனுப்பும் சர்வர்) அதையும் பிரித்துப் படித்துவிட்டு, மறுபடி பூட்டி அனுப்ப முடியும்.

இதை நீங்களே சோதிக்கலாம். மெயில் பக்கத்தைத் திறந்து, முகவரிப் பட்டையின் இடது ஓரச் சின்னத்தைச் சொடுக்கி அந்தத் தளத்தின் சான்றிதழைத் திறந்து, அதை வழங்கியவர் யார் என்று பாருங்கள். உங்கள் நிறுவனத்தின் பெயரோ பாதுகாப்பு மென்பொருளின் பெயரோ இருந்தால், உங்கள் மெயில் நடுவில் பிரிக்கப்படுகிறது என்று அர்த்தம். இல்லாவிட்டாலும் நிம்மதி வேண்டாம். திரையைப் படமெடுக்கும் மென்பொருளுக்குச் சான்றிதழே தேவையில்லை. சொந்த மெயிலுக்குச் சொந்த போன், சொந்த டேட்டா. அலுவலக வைஃபை கூடாது.

கேள்வி: குழு சாட்டில் அழித்த செய்தி போய்விடுமா?

பதில்: உங்கள் திரையிலிருந்து போகும். நிர்வாகி தக்கவைப்புக் காலம் (செய்திகளை எவ்வளவு நாள் வைத்திருக்க வேண்டும் என்பது) நிர்ணயித்திருந்தால், அதுவரை சர்வரில் இருக்கும்; தனிச்செய்திகளும்தான். கண்காணிப்பு விதிகளை எழுத்தில் கேளுங்கள், அது நியாயமான கேள்வி. ஊழியரின் சாட்டை நிறுவனம் படித்த ருமேனிய வழக்கில், முன்கூட்டியே அறிவித்தார்களா என்பதை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017-இல் முக்கியமாக எடுத்துக்கொண்டது.