பவர் மீட்டர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மிதிக்கும் திறனை வாட் கணக்கில் அளக்கும் பவர் மீட்டரில், பெடல், கிராங்க் (பெடலைத் தாங்கும் கை), ஸ்பைடர் (கிராங்கையும் முன் பற்சக்கரத்தையும் இணைக்கும் பகுதி), ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) ஆகியவற்றுள் எந்த வகையை வாங்குவது?

பதில்: உங்களிடம் எத்தனை சைக்கிள்கள் இருக்கின்றன என்பதைப் பொறுத்தே இதற்குப் பதில் சொல்ல முடியும். இரண்டு மூன்று சைக்கிள்களில் மாறி மாறி ஓட்டுபவருக்குப் பெடல் வகையே வசதி. ஐந்து நிமிடத்தில் கழற்றி மாற்றிவிடலாம். ஆனால், சைக்கிள் சாய்ந்து விழும்போது முதலில் அடிபடுவதும் பெடல்தான். ஒரே சைக்கிளை ஓட்டுபவர் ஸ்பைடர் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். உல்ரிக் ஷோபரர் 1986-இல் உருவாக்கிய எஸ்ஆர்எம் பவர் மீட்டர் தொடங்கி, நீண்ட காலமாக நம்பப்பட்டுவரும் இடம் அது. ஹப் வகை ஒரே சக்கரத்தோடு கட்டுண்டது. போட்டி நாளில் சக்கரத்தை மாற்றினால் அளவும் போய்விடும்.

கேள்வி: இடது காலை மட்டும் அளக்கும் மலிவான கருவி போதாதா?

பதில்: பயிற்சிக்குப் போதும். இடது காலின் அளவை இரண்டால் பெருக்கிக் காட்டுவது அதன் வேலை. உங்கள் இடது கால் 48 சதவீதம் மட்டுமே உழைக்கிறது என்றால், உண்மையான 200 வாட், திரையில் 192 வாட்டாகத் தெரியும். இந்த விகிதம் எப்போதும் மாறாமல் இருந்தால் கவலையில்லை. களைப்பிலும் கடும் ஏற்றத்திலும் அது மாறக்கூடும் என்பதே சிக்கல். காலில் காயம்பட்டுத் தேறிவருபவர்கள் இருபுறமும் அளக்கும் கருவியையே வாங்க வேண்டும்.

கேள்வி: என் சைக்கிளுக்கு இடது கிராங்க் பவர் மீட்டர் பொருந்துமா?

பதில்: கிராங்கின் மாடலையும் எழுதவில்லை, அச்சின் வகையையும் எழுதவில்லை, நீளத்தையும் எழுதவில்லை. இவை மூன்றும் இல்லாமல் யாராலும் பதில் சொல்ல இயலாது. அவற்றோடு, இடது கிராங்கின் உட்புறத்துக்கும் சட்டத்தின் பின்கம்பிக்கும் இடையே உள்ள இடைவெளியையும் அளந்துகொள்ளுங்கள். கருவியின் பெட்டி அடங்க ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தேவைப்படும்.

கேள்வி: சைக்கிளைப் பூட்டி வீட்டுக்குள்ளேயே மிதிக்க உதவும் ஸ்மார்ட் டிரெய்னர் 230 வாட் காட்டும்போது பெடல் 242 காட்டுகிறது. எது பொய் சொல்கிறது?

பதில்: பெரும்பாலும் இரண்டுமே பொய் சொல்லவில்லை. பெடல் உங்கள் கால் தரும் விசையை அங்கேயே அளக்கிறது. டிரெய்னரோ, அந்த விசை சங்கிலியையும் பற்சக்கரங்களையும் கடந்து வந்த பிறகு அளக்கிறது. சுத்தமாக எண்ணெயிட்ட சங்கிலியிலேயே இரண்டு மூன்று சதவீதம் வழியில் தொலைந்துவிடும். அழுக்கேறிய சங்கிலியில் இழப்பு இன்னும் கூடும். இதற்கு மேல், ஒவ்வொரு கருவிக்கும் ஒன்று அல்லது இரண்டு சதவீதப் பிழை உண்டு என்று தயாரிப்பாளர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஆகவே, பத்துப் பன்னிரண்டு வாட் வித்தியாசம் இயல்பானதே.

ஆனால், எனக்கு எரிச்சலூட்டுவது வேறொன்று. இப்படி எழுதுபவர்களில் ஏறக்குறைய ஒருவர்கூட, ஓட்டத்துக்கு முன் கருவியைப் பூஜ்ஜியம் செய்தாரா (சுமையில்லாத நிலையைப் பூஜ்ஜியமாகப் பதியவைத்தாரா) என்று குறிப்பிடுவதே இல்லை. பவர் மீட்டருக்குள் இருப்பது உலோகத்தின் நுண்ணிய வளைவை அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜ். வெப்பம் மாறினால் உலோகமும் மாறும், சுமையே இல்லாதபோதும் கருவி ஏதோ ஒரு விசையைக் காட்டும். குளிர்ந்த அறையிலிருந்து வெயிலுக்குச் சைக்கிளைக் கொண்டுவந்தால், கால் மணி நேரம் வெளியே நிறுத்திவைத்து, அதை நேராகப் பிடித்து, கிராங்கைச் செங்குத்தாக வைத்து, பெடலில் கால் படாமல் பூஜ்ஜியம் செய்யுங்கள். தானாகச் சரிசெய்துகொள்ளும் கருவி என்று விளம்பரம் சொன்னாலும் செய்யுங்கள். அப்போது திரையில் வரும் எண்ணைக் குறித்துவையுங்கள். அது நாளுக்கு நாள் பெரிதாகத் தாவினால், எங்கோ திருகு தளர்ந்திருக்கிறது அல்லது பேட்டரி தீர்ந்துவருகிறது.

பூஜ்ஜியம் செய்வதால் அளவுகோலே சரியாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். அதைச் சோதிக்க, கிராங்கைக் கிடைமட்டமாக வைத்து, பின்சக்கரத்தை அசையாமல் பிடித்து, எடை தெரிந்த பொருளைப் பெடலில் தொங்கவிட வேண்டும். 172.5 மில்லிமீட்டர் கிராங்கில் 20 கிலோ தொங்கினால் ஏறத்தாழ 34 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை காட்ட வேண்டும். இதையெல்லாம் செய்ய மனமில்லாவிட்டால், வீட்டிலும் சாலையிலும் பெடலின் அளவையே பின்பற்றும்படி டிரெய்னரை அமைத்துவிடுங்கள். வீட்டில் ஒரு கருவி, வெளியே ஒரு கருவி என்று வைத்துக்கொண்டு, ஒரே மாதத்தில் பன்னிரண்டு வாட் முன்னேறிவிட்டேன் என்று மகிழ்வதில் பொருளில்லை.

கேள்வி: பெடல் பவர் மீட்டரை நானே பொருத்தலாமா?

பதில்: தாராளமாக. இடது பெடலின் திருகுமறை எதிர்த்திசையில் சுற்றும் என்பது உங்களுக்குத் தெரியும் என்று நம்புகிறேன். மறையில் கொஞ்சம் கிரீஸ் தடவி, தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு, பொதுவாக 30 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். கை அழுத்தத்தை நம்பாதீர்கள். நான்கைந்து முறை முழு வேகத்தில் மிதித்து, இறுக்கத்தை மறுபடி பார்த்து, அதன் பிறகு பூஜ்ஜியம் செய்யுங்கள். கிராங்க் நீளத்தைச் சரியாகப் பதிவு செய்வதும் முக்கியம். உங்கள் கிராங்க் 170 மில்லிமீட்டராக இருக்க, கருவியில் 172.5 என்று விட்டுவைத்தால் எல்லா அளவும் ஒன்றரை சதவீதம் கூடுதலாக வரும்.

கேள்வி: சீராக மிதித்தாலும் திரையில் எண் 150-க்கும் 260-க்கும் இடையே குதிக்கிறது. பழுதா?

பதில்: பழுதில்லை. மூன்று விநாடிச் சராசரியைக் காட்டும்படி திரையை மாற்றுங்கள்.

கேள்வி: நீள்வட்டச் செயின்ரிங் (முன் பற்சக்கரம்) போட்டிருக்கிறேன். அளவு மாறுமா?

பதில்: ஒரு சுற்று முழுவதும் கால் ஒரே வேகத்தில் சுழல்வதாக வைத்துக் கணக்கிடும் கருவிகள் சில சதவீதம் கூடுதலாகக் காட்டும். சுற்றுக்குள் வேகம் மாறுவதையும் அளக்கும் கருவியா என்று வாங்குமுன் கேளுங்கள்.

கேள்வி: பேட்டரி மாற்றும்போது கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: மூடியின் ரப்பர் வளையத்தில் மணலோ கீறலோ இல்லாமல் பாருங்கள்; ஈரம் உள்ளே போவது அந்த வழியாகத்தான். புதிய பேட்டரி போட்டபின் பூஜ்ஜியம் செய்யுங்கள்.