ஆற்றல் என்பது என்ன? அதற்கு ஏன் இத்தனை வடிவங்கள்?

ஆற்றல் ஒரு பொருளா, இயக்க ஆற்றல், நிலை ஆற்றல், வெப்பம், மின்சாரம் என்று ஏன் இத்தனை பெயர்கள் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பொருள் அல்ல, அது ஒரு கணக்கு. என்ன மாற்றம் நடந்தாலும் முன்னும் பின்னும் கூட்டினால் ஒரே தொகை வரும். வடிவங்களின் பட்டியலை மனப்பாடம் செய்து பயனில்லை. ஒன்று இன்னொன்றாக மாறும்போது எவ்வளவுக்கு எவ்வளவு என்று போட்டுப் பார்த்தால்தான் பாடம் பிடிபடும்.

எங்கள் பல்லடம் பக்கம் ஆயிரம் அடி போர் (ஆழ்துளைக் கிணறு) சாதாரணம். 300 மீட்டர் ஆழத்திலிருந்து 1,000 லிட்டர் தண்ணீரை மேலே கொண்டுவர வேண்டுமானால் 1,000 (கிலோ) × 9.8 (புவியீர்ப்பு முடுக்கம்) × 300 (மீட்டர்), அதாவது 29,40,000 ஜூல். ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு. ஒரு யூனிட் கரண்ட் 36,00,000 ஜூல். ஆக 0.82 யூனிட் போதும். ஆனால் மீட்டரில் ஏறக்குறைய இரண்டு மடங்கு ஓடிவிடும். மீதி எங்கே? மோட்டாரின் செம்புச் சுற்றில், பம்புக்குள் சுழலும் நீரில், குழாயின் உரசலில் வெப்பமாகிவிட்டது. அதில் பெரும்பகுதியை மேலேறி வரும் தண்ணீரே வாங்கிக்கொள்கிறது. தொட்டியில் கைவைத்தால் தெரியாது. அந்த 1,000 லிட்டரின் சூடு 0.7 டிகிரிதான் கூடியிருக்கும்.

இதில் எனக்குத் தீராத வியப்பு ஒன்று உண்டு. காபிக்கு ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிக்கவைக்க சுமார் 2,93,000 ஜூல் ஆகும். அதே ஆற்றலில் அந்த ஆயிரம் அடி போரிலிருந்து 100 லிட்டரை மேலேற்றிவிடலாம்! வேலைக்கும் வெப்பத்துக்கும் உள்ள இந்த விகிதத்தை 1840களில் அளந்து காட்டியவர் ஜேம்ஸ் ஜூல். எடைக்கற்கள் கீழே இறங்கும்போது நீருக்குள் துடுப்பு சுழலும்படி அமைத்து, நீர் எவ்வளவு சூடாகிறது என்று பார்த்தார்.

தொகை குறையாது என்றால் கரண்டை ஏன் மிச்சம் பிடிக்க வேண்டும் என்று கேட்கலாம். அந்த 0.7 டிகிரிச் சூட்டைத் திரட்டி மறுபடி மோட்டாரை ஓட்ட முடியாதே, அதனால்தான்.

உடுமலைப் பக்கக் காத்தாடிகளையும் சொல்லவேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் ஆடிக்காற்றின் இயக்க ஆற்றல் அங்கே மின்சாரமாகிறது. வேகம் இரு மடங்கானால் காற்று சுமந்து வரும் திறன் எட்டு மடங்கு: ஒவ்வொரு கிலோ காற்றிலும் நான்கு மடங்கு ஆற்றல், வந்து சேரும் காற்றும் இரு மடங்கு. காற்றை ஓட்டுவது வெயில். அந்த வெயிலோ, சூரியனின் மையத்தில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகும்போது வெளிப்பட்ட அணுக்கரு ஆற்றல்.