பெரியவர்களின் சோம்பேறிக் கண்ணுக்கு மாத்திரை உண்டா?

வயது முப்பதைத் தாண்டிய பின் சோம்பேறிக் கண்ணை மாத்திரையால் சரிசெய்ய முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாத்திரையை மட்டும் நம்ப முடியாது. பார்வை குறைந்த அந்தக் கண் அனுப்பும் படத்தை மூளை ஒதுக்கப் பழகிவிட்டதுதான் சிக்கல். ஃப்ளூவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்து வளர்ந்த எலிகளுக்குப் பார்வையை மீட்டதாக 2008இல் செய்தி வந்தது; எல்லோருக்கும் ஆசை கிளம்பியது. ஆனால் மனிதர்களுக்குப் பார்வைப் பயிற்சியோடு கொடுத்துப் பார்த்தபோது, போலி மாத்திரை சாப்பிட்டவர்களும் ஏறக்குறைய அதே அளவு முன்னேறினார்கள்!

எனவே என் ஓட்டு பயிற்சிக்குத்தான். அதில் ஒரு வகை, கட்டைகளை அடுக்கும் கணினி விளையாட்டு: திரையில் விழும் கட்டைகள் ஒரு கண்ணுக்கு மட்டும் தெரியும். கீழே அடுக்கியவை மறு கண்ணுக்கு. நல்ல கண்ணுக்குப் போகும் படத்தை மங்கலாக்கிவிடுவார்கள். இரண்டும் கூட்டு சேர்ந்தால்தான் ஆட்டம் நகரும். பலன் ஆளுக்கு ஆள் மாறும், பெரும்பாலும் மிதமானதுதான். அதற்கும் முன்னால் சரியான பவரில் கண்ணாடி போடுங்கள். அப்புறம், மனச்சோர்வு மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிட வேண்டாம்.