பித்தளைச் செம்பை அதிரவைத்த பாட்டு

(1982இல் நியூயார்க்கில் ஆஃப்ரிக்கா பம்பாட்டாவும் சோல்சானிக் ஃபோர்ஸ் குழுவினரும் வெளியிட்ட ‘பிளானட் ராக்’ என்னும் தனிப்பாடலைக் கேட்டுவிட்டுக் கருத்து எழுதுமாறு சென்ற இதழில் வேண்டியிருந்தோம். தாளத்துக்கு வரிகளைப் பேச்சுப்போல் சொல்லும் ராப் அடங்கிய ஹிப்ஹாப்பையும் மின்னிசையையும் ஒரே நடனப் பாட்டில் சேர்த்த அந்த முயற்சி பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில்.)

கேள்வி: பாட்டு முழுவதும் தகர டப்பாவைத் தட்டுவது போல்தான் கேட்கிறது. தவிலில் ஓர் அடி விழுந்தால் நெஞ்சில் விழும். இதில் அப்படி எதுவும் இல்லை. இதைப் போய் என் பேரன் ஆகா ஓகோ என்கிறானே?
– ஓர் ஐயா, பள்ளத்தூர்

பதில்: எதில் கேட்டீர்கள் என்பதைத் தாங்கள் எழுதவில்லை, பேரனின் கைப்பேசியில்தான் கேட்டிருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். இப்பாட்டின் தாளத்தைத் தருவது ஜப்பானின் ரோலண்டு நிறுவனம் 1980இல் வெளியிட்ட டிஆர்-808 என்னும் தாள இயந்திரம். உண்மையான முரசின் ஒலியைப் பதிவு செய்து திருப்பித் தராமல், மின்சுற்றுகளைக் கொண்டே ஒலியை உண்டாக்குகிற கருவி அது. அதன் பெரிய முரசடி விநாடிக்கு ஏறத்தாழ 50 அதிர்வுகள் என்ற அளவுக்குக் கீழிறங்குவது. கைப்பேசியின் விரல்நகம் அளவுள்ள ஒலிபெருக்கியால் அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்ப முடியாது. மேலே ஒலிக்கும் கைதட்டலும் மணியோசையும் மட்டும் மிஞ்சும், தாங்கள் சொல்லும் தகர டப்பா அதுதான். திருவிழாவில் கட்டும் கூம்பு ஒலிபெருக்கியிலும் இதே கதைதான்.

தங்கள் கடிதம் வந்த அன்று நானும் சோதித்துப் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பட்டாலையில் முதலில் கைப்பேசியில் போட்டேன். பக்கத்து அறையில் இருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு தாழ்ந்த ஒலிகளுக்கென்றே உள்ள பெரிய ஒலிபெருக்கியான தம்பி மகனின் பூஃபர் பெட்டியை ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் வைத்து அதே பாட்டைப் போட்டபோது, வெறுங்காலில் தாளம் ஏறியது. மாடத்தில் இருந்த பித்தளைச் செம்பு, ஒவ்வோர் அடிக்கும் சுவரோடு உரசிக் கிண்கிண்ணென்றது. தவிலின் தொப்பிப் பக்கம் தரும் கனத்துக்கு இது ஈடாகும் என்று சொல்ல மாட்டேன். தவில்காரர் ஓர் அடியைப் போல் மறு அடியைப் போடுவதில்லை. இந்த இயந்திரத்துக்கு அந்த நயம் வராது. ஆனால் ‘அப்படி எதுவும் இல்லை’ என்ற தீர்ப்பைத் தாங்கள் ஒரு முறை பூஃபரில் கேட்ட பிறகு எழுதுங்கள்.

கேள்வி: ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவின் மெட்டை எடுத்துக்கொண்டு செய்த பாட்டைப் புதுமை என்று பாராட்டுவது முறையா?
– பாட்டு வாத்தியார், தேவகோட்டை

பதில்: எடுத்தது உண்மை. 1977இல் வந்த ‘டிரான்ஸ்-யூரோப் எக்ஸ்பிரஸ்’ பாட்டின் மெட்டை ஜான் ரோபி என்பவர் சின்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியில் மீண்டும் வாசித்தார். தாளத்துக்கு 1981இல் வந்த ‘நம்பர்ஸ்’ முன்மாதிரியாக இருந்தது. நம் செட்டிநாட்டு வீடுகளில் தேக்கு பர்மாவிலிருந்து வந்தது, சலவைக்கல் இத்தாலியிலிருந்து வந்தது. அதனால் வீடு நம்முடையது இல்லை என்று யாரும் சொல்வதில்லை. ஆகவே வெளியூர்ச் சரக்கைச் சேர்த்ததை நான் குறை சொல்லவில்லை. நம் ஐயாக்கள் தேக்குக்கு விலை கொடுத்தார்கள், கணக்கும் எழுதி வைத்தார்கள்; இவர்களோ கேட்காமல் எடுத்துக்கொண்டு, பிரச்சினை வந்த பிறகே கிராஃப்ட்வெர்க்குடன் தொகை பேசித் தீர்த்தார்கள். ஜெர்மானியரின் குளிர்ந்த மெட்டை நியூயார்க்கின் தெருவிழா ஆட்டத்தோடு பொருத்தியது புதுமை. முதலில் பெயரைச் சொல்லாமல் விட்டது தவறு. இரண்டையும் சேர்த்தே வகுப்பில் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: நாங்கள் கல்லூரி விழாவில் இதற்கு ஆடினோம். தாளம் அருமை. ஆனால் ராப் சொல்கிறவர்கள் பேருந்தைத் துரத்தி ஓடுவது போல் இருக்கிறதே?
– நடனக் குழுவினர், காரைக்குடி

பதில்: சரியாகப் பிடித்தீர்கள், எனக்கும் இப்பாட்டில் ஆகக் குறைவாகப் பிடித்தது ராப்தான். அக்காலத்து ராப் பாட்டுகள் பெரும்பாலும் இதைவிட நிதானமானவை. இதுவோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 128 அடிகள். இசையைக் கேட்ட ராப் பாடகர்களுக்கே தொடக்கத்தில் அது பிடிக்கவில்லை என்று தயாரிப்பாளர் ஆர்தர் பேக்கர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். தாள இயந்திரம்கூட அவர்களுடையது இல்லை. பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து, ஒரு பதிவுக்கு 20 டாலர் கூலி பேசி, இயந்திரத்தோடு ஆளையும் வரவழைத்தார்கள். பாடகர் ஒருவர் பாதியில் வரி மறந்துபோய் ‘ஸி ஸி ஸி’ என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிக்க, அதை அப்படியே வைத்துக்கொண்டார்கள். அடுத்த முறை ஆடும்போது அந்த இடத்தைக் கவனித்து ஆடுங்கள். மேடையில் அடி தவறினால் என்ன செய்வது என்பது அங்கே தெரியும்.

கேள்வி: தமிழில் இந்த வழியில் யார்?
– வாசகர், புதுவயல்

பதில்: கோலாலம்பூரில் உறவினர் இருந்தால் கேளுங்கள். மலேசியாவின் யோகி பி – நட்சத்ரா குழு 2006இல் வெளியிட்ட ‘வல்லவன்’ தொகுப்பிலிருந்து தொடங்கலாம்.

கேள்வி: உங்கள் பத்திரிகையைப் படித்துவிட்டு என் பேத்தி இரவு பத்து மணிக்கு மேல் இதைப் பூஃபரில் போடுகிறாள். முகப்பில் படுத்திருக்கும் எனக்குத் தூக்கம் இல்லை. கைப்பேசியிலேயே கேட்கச் சொல்லுங்கள்.
– ஓர் ஆச்சி, கானாடுகாத்தான்

பதில்: மன்னியுங்கள் ஆச்சி. கைப்பேசி மட்டும் வேண்டாம். பிறகு அவளும் தகர டப்பா என்று கடிதம் எழுதுவாள். காதை மூடும் நல்ல ஹெட்ஃபோன் ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.