செல்லப் பிராணி கேள்வி-பதில்: ஊசி போட்டா எந்திரிக்குறான், மாசம் திரும்புனா படுத்துக்குறான்

கேள்வி: டாக்டர் மேடம், எங்களுக்கு மன்னார்குடி பக்கத்துல கிராமம். வீட்டுல ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் கிராஸ், நாலு வயசு, 25 கிலோ இருப்பான். குறுவை நடவு சமயத்துல திடீர்னு சோறு திங்காம படுத்துட்டான், உடம்பு கொதிச்சுது, மாட்டாஸ்பத்திரிக்கு தூக்கிட்டுப் போய் ஊசி போட்டோம், மறுநாளே எந்திரிச்சு கோழியை வெரட்டுறான். ஆனா ஒரு மாசம் கழிச்சு மறுபடி அதே கதை, அப்புறம் மறுபடியும். ஒவ்வொரு தடவையும் வேற வேற டாக்டர், ஒருத்தர் வெறும் காய்ச்சல்ங்கிறார், ஒருத்தர் லிவர்ங்கிறார், ஒருத்தர் எதையாவது தின்னுருப்பான்ங்கிறார். மாமியார் திருஷ்டின்னு மிளகா சுத்திப் போட்டாங்க. மாட்டுக் கொட்டகை இருக்குறதால உண்ணி எப்பவும் கொஞ்சம் இருக்கும். போன வாரம் மூக்குல லேசா ரத்தம் வந்துச்சு. என்னதான் பண்றது?

பதில்: ஏம்மா, மூக்குல ரத்தம்னு கடைசியில போயி எழுதுறீங்களே, அதைத்தான் மொத வரியில எழுதியிருக்கணும்! இதைப் படிச்ச உடனே அவனைக் கூட்டிக்கிட்டு கிளம்புங்க. நேர்ல பாக்காம அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா காய்ச்சல், உண்ணி, விட்டு விட்டு வர்றது, இப்ப ரத்தம், இதெல்லாம் சேர்ந்தா எனக்கு மொதல்ல தோணுறது உண்ணிக் காய்ச்சல்தான், எர்லிக்கியான்னு ஒரு கிருமி. உண்ணி கடிக்கும்போது உள்ள போயி வெள்ளை அணுக்குள்ள உக்காந்துக்கும், ரத்தத்தை உறைய வைக்குற பிளேட்லெட்டை இறக்கிவிடும். வியட்நாம் போர் சமயத்துல அமெரிக்க ராணுவத்தோட நாய்ங்க நூத்துக்கணக்குல இதுல செத்துச்சு, அதுல பெரும்பாலும் ஜெர்மன் ஷெப்பர்டுதான், அந்த ஜாதிக்கு இது கொஞ்சம் கடுமையாவே வரும்.

ஊசி போட்டா ஏன் எந்திரிக்குறான்னா, காய்ச்சலை இறக்குற மருந்து, சில சமயம் ஸ்டீராய்டு, இதெல்லாம் போனதும் நாய்க்குத் தெம்பு வந்துரும், கிருமி மண்ணீரல்ல ஒளிஞ்சுக்கிட்டு அப்படியே இருக்கும். வெளியில ஆரோக்கியமா தெரியுற இந்தக் கட்டம் மாசக்கணக்குல, ஏன் வருஷக்கணக்குலகூட ஓடலாம். அப்புறம் எலும்பு மஜ்ஜையைத் தொட்டுட்டா காப்பாத்துறது ரொம்ப கஷ்டம்.

அந்த டாக்டர்களை நான் குறை சொல்லமாட்டேன், ஒவ்வொருத்தரும் ஒரு நாள் நாயைத்தான் பாத்துருக்காங்க, மொத்தக் கதையை யாரும் பாக்கல. அதனால ஒரு நாப்பது பக்க நோட்டுல என்னிக்கு காய்ச்சல், எத்தனை டிகிரி (101லேர்ந்து 102.5 ஃபாரன்ஹீட் வரைக்கும் நாய்க்கு நார்மல்), என்ன ஊசி, எத்தனை நாள்ல தெளிஞ்சான், எல்லாத்தையும் ஞாபகம் வர்ற அளவுக்கு எழுதி, பழைய சீட்டையும் சேத்து எடுத்துட்டுப் போங்க. ஊசி போடுறதுக்கு முன்னாடி ரத்தம் எடுக்கச் சொல்லுங்க, மருந்து போன பிறகு எடுத்தா கிருமி கண்ணுல படுறது கஷ்டம். காது நுனியில ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடுல தேய்ச்சுப் பாக்கச் சொன்னா இன்னும் நல்லது. நம்ம ஊர்ல மனுஷ லேப்லயே நாய் ரத்தத்தையும் குடுத்துடுறோம், தப்பில்ல, ஆனா பிளேட்லெட் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டா மெஷின் கம்மியா காட்டும், அதனால ஸ்லைடையும் ஒரு கால்நடை டாக்டர் பாத்தாகணும். பிளேட்லெட் நார்மலா 2 லட்சத்துக்கு மேல இருக்கணும். பேபீசியான்னு இன்னொரு உண்ணி நோயும் உண்டு, அதுல ஈறு வெளுத்துப் போவும், மூத்திரம் டீ டிகாக்‌ஷன் மாதிரி வரும், அதுக்கு மருந்தே வேற. உள்ளூர்ல வசதி இல்லன்னா ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போயிடுங்க, உங்களுக்கு பக்கம்தான்.

எர்லிக்கியான்னு உறுதியானா டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதுவாங்க, எடைக்கு கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்குல தினமும், 28 நாள். மூணாம் நாளே நாய் ஓடி ஆடும், அங்கதான் நம்ம ஆளுங்க மாத்திரையை நிறுத்திடுவாங்க, மாசா மாசம் திரும்பி வர்றதுக்கு பாதி காரணம் இதுதான். பால்ல கலந்து குடுக்காதீங்க, மருந்து ஒடம்புல சரியா சேராது. சோத்துல வச்சுக் குடுத்து தண்ணி குடிக்க வைங்க. பப்பாளி இலைச் சாறு குடுக்கலாமான்னு அடுத்த லெட்டர் வரும்னு தெரியும், அது கிருமியைக் கொல்லாது. வீட்டுல இருக்குற வலி மாத்திரையும் வேணாம், ஐபுப்ரோஃபென் நாய்க்கு வயித்துல ரத்தம் கசிய வைக்கும். கோர்ஸ் முடிஞ்சதும் ஒரு தடவை, அதுக்கு ஒரு மாசம் கழிச்சு ஒரு தடவை பிளேட்லெட் பாருங்க. கிட் டெஸ்ட் அதுக்கப்புறமும் பாசிட்டிவ் காட்டும், பயப்படாதீங்க, அது கிருமியை எதிர்க்க ஒடம்பு உண்டாக்குற ஆன்டிபாடியைத்தான் பாக்குது, குணமான பிறகும் ரொம்ப நாள் அப்படியே நிக்கும்.

மிச்சப் பாதி காரணம் வீட்டுல இருக்கு. மாட்டு மேல பழி போடாதீங்க, மாட்டு உண்ணி பெரும்பாலும் வேற ஜாதி. நாய் உண்ணி குடிச்சு ஊதுனதும் கீழ விழுந்து செவுத்து வெடிப்பு, நிலைக்கதவு இடுக்கு, திண்ணை ஓரம், ஓட்டுக்கு அடியிலன்னு ஏறி ஆயிரக்கணக்குல முட்டை போடும், சாப்பாடு இல்லாமயே மாசக்கணக்குல காத்துருக்கும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டா பத்தாது, இந்த இடுக்கெல்லாம் டாக்டர் சொல்ற மருந்தை அடிச்சு, வெடிப்பைப் பூசிடுங்க, ரெண்டு மூணு வாரம் விட்டு திரும்ப அடிங்க. மண்ணெண்ணெய் தடவுறது வேண்டவே வேணாம்.

கேள்வி: திருவையாறு பக்கம் எங்க நாய்க்கு கண்ணு மஞ்சளாயிருக்கு, வாந்தியும் எடுக்குது. வயல்ல எலி பிடிப்பான். இதுவும் உண்ணியா?

பதில்: இருக்கலாம், ஆனா எலி, சேறு, மஞ்சள் மூணும் சேந்தா நான் மொதல்ல எலிக்காய்ச்சலைத்தான் சந்தேகப்படுவேன், லெப்டோன்னு சொல்லுவாங்க. இன்னிக்கே காட்டுங்க. மூத்திரத்துல கிருமி வரும், வெறுங்கையால துடைக்காதீங்க, பிள்ளைங்களைக் கிட்ட விடாதீங்க, வீட்டுல யாருக்காவது காய்ச்சல் வந்தா மனுஷ டாக்டர்கிட்ட நாய் விஷயத்தையும் சேத்தே சொல்லுங்க.