நனையும் ஜாக்கெட்டும் சிவனொளிபாதமலைப் பயணமும்

கேள்வி: நண்பர்கள் ஐந்து பேர் வருகிற போயாவுக்கு இரவோடு இரவாகச் சிவனொளிபாதமலை ஏறப் போகிறோம். அதற்காகப் போன மாதம் புறக்கோட்டையில் ஒரு ஜாக்கெட் வாங்கினேன். மழைக்கு நனையாது என்று சொல்லித்தான் தந்தார்கள். முதல் மழையிலேயே இரண்டு தோளும் நனைந்துவிட்டன. கடைக்காரர் பில்லைக் காட்டி, 'விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படமாட்டாது' என்கிறார். இனி என்ன செய்யலாம்? ஸ்லீப்பிங் பேக், நெற்றி டோர்ச் எல்லாம் வாங்க வேண்டுமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: பில் கையில் இருக்கிறதே, அதுவே பாதி வெற்றி. முதலில் ஜாக்கெட்டை உட்புறம் வெளியே வரும்படி திருப்பி, தோள் தையல்களைப் பாருங்கள். தையல் மேல் மெல்லிய பட்டி ஒட்டியிருக்கிறதா? இல்லையென்றால் துணி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஊசித் துளை வழியே தண்ணீர் வரும். பட்டி இருந்தும் நனைந்தது என்றால், அன்று முதுகில் பை மாட்டியிருந்தீர்களா என்று யோசியுங்கள். பட்டை அழுத்தும் இடத்தில் மெல்லிய பூச்சு தாக்குப்பிடிக்காது. லேபிளில் உள்ள மி.மீ. கணக்கு, துணி எவ்வளவு நீர் அழுத்தம் தாங்கும் என்பதைக் காட்டும். அது 1,500 மி.மீ. என்று இருந்தால் தூறலுக்குத்தான் சரி. பையோடு மணிக்கணக்கில் மழையில் நடக்க 10,000 மி.மீ. அளவாவது வேண்டும். லேபிளில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று மட்டும் இருந்தால், கொஞ்ச நேரம் தாங்கும் என்றே பொருள்.

பார்த்ததைப் போட்டோ எடுத்துக்கொண்டு, கூட்டம் குறைந்த நேரத்தில் கடைக்குப் போய் முதலாளியிடமே பேசுங்கள். காசைத் திருப்பிக் கேட்பதைவிட வேறு ஜாக்கெட் கேட்டால் இறங்கி வருவார்கள். மசியாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது, தொலைபேசி 1977. விற்பவர் கொடுத்த உறுதிக்குப் பொருள் ஒத்துவராவிட்டால் விசாரிக்க 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் அதற்கு அதிகாரம் தருகிறது. பில்லில் அப்படி ஒரு வரி அச்சடித்திருப்பதால் நீங்கள் முறைப்பாடு செய்யும் வழி அடைபட்டுவிடாது. ஆனால் வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். மலை ஏறிவிட்டு வந்து பார்க்கலாம் என்று இழுத்தடிக்காதீர்கள். அடுத்த முறை 'மழைக்கு நனையாது' என்பதையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்காமல் வருவதே நல்லது.

ஸ்லீப்பிங் பேக் வேண்டவே வேண்டாம். மலையடிவாரத்து ஊரான நல்லதண்ணியிலிருந்து ஏறத்தாழ 5,500 படி, ஏற மூன்று நான்கு மணி நேரம். எங்கே படுக்கப் போகிறீர்கள்? அந்தக் காசில் ஒரு நல்ல கம்பளிச் சுவெட்டர் வாங்கலாம். உச்சி 2,243 மீற்றர். கொழும்பில் ஃபேன் இல்லாமல் தூங்க முடியாத இரவிலும் அங்கே 10 பாகை அளவுக்கு இறங்கிவிடும், காற்று வேறு. ஏறும்போது வியர்வையில் உள்ளே எப்படியும் நனைவீர்கள், அதை எந்த விலை ஜாக்கெட்டும் தடுக்காது. ஆகவே உலர்ந்த பனியன் ஒன்றைத் தண்ணீர் புகாமல் சுற்றி எடுத்துப்போய், உச்சிக்குக் கொஞ்சம் கீழே மாற்றிக்கொள்ளுங்கள். போயா நாளில் கடைசிப் படிகளில் வரிசை நகரவே நகராது. குளிர் பிடிப்பது அங்கேதான். முடிந்தால் சாதாரண வாரநாள் ஒன்றுக்கு மாற்றுங்களேன்.

டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் வரையான பருவகாலத்தில் நல்லதண்ணிப் பாதை நெடுக விளக்கு எரியும், தேநீர்க் கடைகளும் இருக்கும். அப்போது வீட்டிலிருக்கும் சின்ன டோர்ச் போதும். பருவம் முடிந்து போனால் மட்டும் ஆளுக்கொரு நெற்றி டோர்ச் வாங்குங்கள். வெளிச்சத்தின் அளவான லூமன் 200 இருந்தால் போதும், அதற்கு மேல் விலை கொடுக்கத் தேவையில்லை.

சப்பாத்து பற்றி நீங்கள் கேட்கவில்லை. புதிதாக வாங்கும் எண்ணம் இருந்தால் இந்த வாரமே வாங்கி, காலிமுகத்திடலில் நாலைந்து நாள் நடந்து பழக்குங்கள். இறங்கும்போது விரல் முன்னால் போய் இடிக்கும் என்பதால், தடித்த காலுறையோடு போட்டுப் பார்த்து அரை அளவு பெரிதாக எடுங்கள்.