ஓட்டுக் கூரை ரீப்பருக்கு எந்த ஆணி வாங்குவது?

கேள்வி: நாகப்பட்டினம் பக்கம், கடலுக்கு நடக்கிற தூரத்தில் எங்கள் பழைய ஓட்டு வீடு இருக்கிறது. ஓட்டைப் பிரித்தால், ஓடுகளைத் தாங்கும் மெல்லிய மரச்சட்டமான ரீப்பரில் இருந்த ஆணிகள் துருவேறிக் கையோடு உதிர்கின்றன. புது ரீப்பர் அடிக்க ஆணி கேட்டால், கடையில் "எத்தனை இஞ்ச், எத்தனை கேஜ்?" என்கிறார்கள். எதை வாங்குவது? அதே ஆணியை பிளைவுட் அலமாரிக்கும், சுவரில் படம் மாட்டவும் வைத்துக்கொள்ளலாமா?

பதில்: முதலில் துருவைப் பார்ப்போம், உங்கள் ஊரில் அதுதான் பெரிய எதிரி. மழை படுகிற இடத்தில் உப்பு அவ்வப்போது கழுவப்பட்டுவிடும். ஓட்டுக்கு அடியில் அப்படி இல்லை. காற்றில் வரும் உப்பு ஈரத்தோடு அங்கேயே தங்கிவிடும். சாதாரண கறுப்புக் கம்பி ஆணி இதற்குத் தாங்காது.

ஜி.ஐ. ஆணி, அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு ஆணி என்று கேளுங்கள். ஆனால் அதிலும் இரண்டு வகை உண்டு. பளபளவென்று வழவழப்பாக இருப்பது பெரும்பாலும் மெல்லிய மின்முலாம் பூசியது. உருக்கிய துத்தநாகத்தில் முக்கியெடுத்தது மங்கிய சாம்பல் நிறத்தில், தொட்டால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். பூச்சு தடிமன் என்பதால் அதையே வாங்குங்கள். கொஞ்சம் விலை கூடத்தான். ஆனால் ஓடு மேய்ந்த பிறகு அந்த ஆணியை மாற்ற மறுபடி கூரையையே பிரிக்க வேண்டும். இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள். சுத்தியல் பட்டுத் தலையில் பூச்சு பெயர்ந்த இடத்தில் துருத்தடுப்பு பிரைமரை ஒரு தொடு தொட்டுவிடுங்கள்.

நீளத்துக்கு ஆசாரிகள் பார்க்கிற கணக்கு எளிது: மேலே வைக்கும் கட்டையின் தடிமனைப் போல் இரண்டரையிலிருந்து மூன்று மடங்கு. ரீப்பர் 1 இஞ்ச் என்றால் ஆணி 2½ அல்லது 3 இஞ்ச். கேஜ் என்பது ஆணியின் தடிமனைச் சொல்லும் எண்; அது கூடக்கூட ஆணி மெலியும். 10 கேஜ் ஏறத்தாழ 3¼ மி.மீ., 12 கேஜ் 2½ மி.மீ.க்குச் சற்று மேல். உங்கள் ரீப்பருக்கு 10 கேஜ் சரி; ரீப்பர் ஒடுக்கமாக இருந்து பிளக்கும் என்று தோன்றினால் 12 எடுங்கள்.

ரீப்பரைத் தாங்கும் சாய்ந்த கட்டையான கைமரம் பனையா, தேக்கா என்று நீங்கள் சொல்லவில்லை. பனங்கை என்றால் வெளிப்பக்கம் இரும்பு போல இருக்கும், உள்ளே இருக்கும் சோற்றுப் பகுதி மென்மை. பிடிப்பு முழுக்க அந்த வெளிவைரத்தில்தான். துளை போடாமல் அடித்தால் ஆணி வளையும், இல்லையென்றால் கட்டை வெடிக்கும். ஆணியைவிடச் சற்று மெல்லிய டிரில் பிட்டில் முதலில் துளை போட்டுவிட்டு அடியுங்கள். நன்கு காய்ந்த பழைய தேக்குக்கும் இதுவே வழி. கட்டை நுனியில் அடிக்கும்போது ஆணியின் முனையைச் சுத்தியலால் லேசாகத் தட்டி மழுக்கிக்கொள்ளுங்கள். கூர்முனை நாரை விலக்கிப் பிளக்கும். மழுங்கிய முனை நாரை நசுக்கிக்கொண்டு போகும்.

அப்புறம், அலமாரி. பிளைவுட்டின் ஓரத்தில் ஆணி அடித்தால் அடுக்குகள் விரியும், பிடிப்பும் நிற்காது. அங்கே துளை போட்டு ஸ்க்ரூவும் ஃபெவிகாலும்தான். பின்பக்க மெல்லிய பலகைக்கு மட்டும் 1 இஞ்ச் சிறு ஆணி போதும்.

சுவருக்குக் கூரை ஆணி வேண்டவே வேண்டாம், வளைந்துவிடும். கான்கிரீட் ஆணி கடினமான எஃகு. வளையாது, ஆனால் படக்கென்று ஒடிந்து தெறிக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் அதை அடிக்காதீர்கள். உங்களுடையது பழைய சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் என்றால் அதுவும் தோதுப்படாது. அடிக்கிற அதிர்ச்சியில் பூச்சு தட்டுத் தட்டாகப் பெயரும். டிரில்லில் துளை போட்டு, பிளாஸ்டிக் பிளக் செருகி, ஸ்க்ரூ முடுக்குங்கள். துளை செங்கல்லில் விழ வேண்டும். பிட்டில் சிவப்புத் தூள் வந்தால் செங்கல். வெள்ளைத் தூளாகவே வந்துகொண்டிருந்தால் இடைச்சாந்தில் இறங்கியிருக்கிறது, 1 இஞ்ச் மேலோ கீழோ தள்ளிப் போடுங்கள்.